கத்தியின் சாய்வும் அணுக்களின் கோணமும்



பால்மரத்தில் கத்தி வைத்துப் பழகிய கைகளுக்குக் கோணம் என்றால் என்னவென்று எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இறங்க வேண்டும். சாய்வு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையெங்கும் ஓடிவிடும். சாய்வு கூடினால் பட்டை வீணாகும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களைத் திறக்கிறது. கோணம் சரியாக அமைந்தால் மங்கில் பால் சேரும்; மரமும் பல ஆண்டுகள் பிழைக்கும்.

இன்று நாம் பேசப்போவதும் கோணத்தைப் பற்றித்தான். ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத கோணம். இடைநிலைப்பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் 109.5, 107, 104.5 என்று சில எண்களை மனப்பாடம் செய்வதை நாம் வீட்டில் கேட்டிருப்போம். எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுக்கள் சில கைகோத்து நிற்கும் குழுவுக்கு மூலக்கூறு என்று பெயர். ஓர் அணுவிலிருந்து இரண்டு பக்கம் நீளும் இரண்டு பிணைப்புகளுக்கு இடையே உள்ள விரிவே பிணைப்புக் கோணம். பிள்ளைகள் ஒப்பிக்கும் எண்கள் இவைதாம்.

இந்த எண்களால் நமக்கு ஆகப்போவது என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அதில் தவறில்லை. அக்கேள்விக்குரிய விடை மங்கில் வடிந்த பாலிலேயே இருக்கிறது. அதைக் கண்டறிய மனிதருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம்.

பால்மரம் இந்த மண்ணின் மரமன்று. பிரேசில் நாட்டு விதைகள் 1876ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றன. அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்பே மலாயாக் காடுகளில் வேறொரு பால் தரும் மரம் இருந்தது. அதன் பாலை மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்று அழைத்தார்கள். அதைச் சுடுநீரில் இட்டால் இளகும். விரும்பிய உருவத்தில் பிடித்து வைத்தால் ஆறியதும் மரக்கட்டைபோல் இறுகிவிடும். பாராங் கத்திக்கு அதனால் கைப்பிடி செய்து வந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி அதைக் கண்டு, 1840களில் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

அப்போது தந்தி பரவத் தொடங்கிய காலம். கடலுக்கு அடியில் கம்பி போட வேண்டுமானால் உப்புநீர் உள்ளே புகாத உறை வேண்டும். கெத்தா பெர்ச்சா அதற்கு ஏற்றதாக அமைந்தது. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடிக் கம்பிக்கும், 1866ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த கம்பிக்கும் அதுவே உறை. 1871ஆம் ஆண்டுக்குள் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி இணைத்துவிட்டது. இதற்காகக் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். ஒரு மரத்தைச் சாய்த்தாலும் கிடைத்தது சிறிதளவுதான். ஆகவே அந்த மரங்கள் பல இடங்களில் அருகிப்போயின.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. பால்மரத்தின் ரப்பரை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கெத்தா பெர்ச்சாவோ அறைச் சூட்டில் கட்டையாக நிற்கும். இரண்டும் மரத்திலிருந்து வெண்மையான பாலாகத்தான் வடிகின்றன. அப்படியானால் இரண்டும் வெவ்வேறு சரக்குகளால் ஆனவையாக இருக்க வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? வேதியியலார் சோதித்துப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் பெரும் விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1826ஆம் ஆண்டில் ரப்பரைப் பகுத்தார். அதில் 5 கார்பன் அணுவுக்கு 8 ஹைட்ரஜன் அணு என்ற விகிதம் கிடைத்தது. 1860ஆம் ஆண்டில் கிரெவில் வில்லியம்ஸ் என்பவர் ரப்பரையும் கெத்தா பெர்ச்சாவையும் காற்றில்லாமல் காய்ச்சி வடித்தார். இரண்டிலிருந்தும் ஒரே விதமான நீர்மம் வந்தது. அதற்கு ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். அதிலும் அதே 5 கார்பன், 8 ஹைட்ரஜன். சரக்கு ஒன்று, அளவும் ஒன்று. ஆனால் ஒன்று நீள்கிறது, மற்றொன்று நீள மறுக்கிறது.

ஒரே அரிசியும் ஒரே உளுந்தும்தான்; இட்லியும் ஆகிறது, தோசையும் ஆகிறது. சமைக்கும் முறை வேறு என்று நாம் சொல்லிவிடலாம். அணுக்களில் அந்த 'முறை' என்பது எது? அன்றைய வேதியியலாரிடம் விடை இல்லை. அவர்கள் அணுக்களை எண்ணினார்கள்; எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று கண்டார்கள். ஆனால் அவை எந்தத் திசையில் நிற்கின்றன என்று கேட்பது வீண் வேலை என்று பலர் கருதினார்கள்.

1858ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கெக்குலே, கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என்றும், கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நீள முடியும் என்றும் விளக்கினார். 1865ஆம் ஆண்டில் லண்டனில் ஹாப்மன் என்ற பேராசிரியர், வண்ணம் பூசிய பந்துகளைக் குச்சிகளில் செருகி மூலக்கூறுகளைச் செய்து காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு. இன்றும் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் அதே வண்ணங்கள்தாம். ஆனால் ஹாப்மனின் கார்பன் பந்தில் நான்கு குச்சிகளும் சிலுவைபோல் ஒரே தளத்தில் இருந்தன. தாளில் வரைவதைப் போலவே மூலக்கூறும் தட்டையாக நின்றது.

அது தட்டையாக இருக்க முடியாது என்பதற்கு முதல் குறிப்பு ஒரு புளிப்புச் சரக்கிலிருந்து வந்தது. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்புத் தருவது டார்ட்டாரிக் அமிலம். திராட்சை மது வைக்கும் பீப்பாய்களின் அடியிலும் அதன் உப்பு படியும். ஐரோப்பாவில் அதே அமிலத்தை ஒத்த இன்னோர் அமிலமும் கிடைத்தது. இரண்டிலும் அணுக் கணக்கு ஒன்றே. ஆனால் முதல் அமிலத்தின் கரைசல், தன் வழியே செலுத்தப்படும் சிறப்பு வகை ஒளியின் தளத்தைத் திருப்பியது; இரண்டாவது திருப்பவில்லை.

1848ஆம் ஆண்டில், 25 வயது இளைஞராக இருந்த லூயி பாஸ்டர், பாரிஸ் நகரில் இந்த இரண்டாவது அமிலத்தின் உப்புப் படிகங்களை ஊன்றிப் பார்த்தார். படிகங்கள் இரண்டு வகையாக இருந்தன. வலக்கையும் இடக்கையும் எப்படி ஒன்றுபோலவே இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லையோ, ஒரு ஜோடிச் செருப்பில் இடக்கால் செருப்பு வலக்காலுக்குச் சேர்வதில்லையோ, அப்படி இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். நம் தாய்மார்கள் முறத்தில் அரிசியும் கல்லும் பிரிப்பதுபோல் அது பொறுமையான வேலை. ஒரு குவியலைக் கரைத்தால் ஒளி வலப்பக்கம் திரும்பியது. மற்றதைக் கரைத்தால் அதே அளவு இடப்பக்கம் திரும்பியது. இரண்டும் சேர்ந்திருந்தபோது ஒன்றையொன்று ஈடுசெய்து ஒன்றுமில்லாமல் செய்துவிட்டன.

தண்ணீரில் கரைந்த பிறகு படிகம் ஏது? எனவே அந்த இடவல வேறுபாடு மூலக்கூறுக்குள்ளேயே இருக்க வேண்டும். தட்டையான பொருளைத் திருப்பிப் போட்டால் இடமும் வலமும் ஒன்றாகிவிடும். இடம் வலம் என்ற வேறுபாடு நிலைக்க வேண்டுமானால் நீளம், அகலத்தோடு உயரமும் வேண்டும். அணுக்கள் திருகுபோல் அமைந்தனவோ, நான்கு மூலை கொண்ட உருவத்தில் அமைந்தனவோ என்று பாஸ்டர் 1860ஆம் ஆண்டில் கேட்டார். ஆனால் அதற்கு மேல் போகவில்லை.

போனவர்கள் இருவர். ஒருவர் ஹாலந்து நாட்டு வான்ட் ஹாப், வயது 22. மற்றவர் பிரான்ஸ் நாட்டு லெ பெல், வயது 27. இருவரும் பாரிசில் ஒரே பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். ஆயினும் இதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளாமல், 1874ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் ஒரே முடிவைத் தனித்தனியே வெளியிட்டார்கள்.

வான்ட் ஹாப் கருத்தை நாம் ஒரு சாப்பாட்டு மேசையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சதுர மேசையின் நான்கு பக்கங்களிலும் நால்வர் உட்காருகிறார்கள். இருவர் சிவப்புச் சட்டை, இருவர் வெள்ளைச் சட்டை. சிவப்புச் சட்டைக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம், எதிரெதிரேயும் உட்காரலாம். ஆக இரண்டு வகை அமைப்பு உண்டு. கார்பன் அணுவின் நான்கு கைகளும் ஒரே தளத்தில் இருந்தால், இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு குளோரினும் பிடித்த சேர்மம் இரண்டு வகையாகக் கிடைக்க வேண்டும். ஆனால் எவ்வளவு தேடியும் ஒரு வகைதான் கிடைத்தது. அப்படியானால் 'எதிர்' என்ற இடமே இல்லாத ஓர் உருவம் வேண்டும். எந்த மூலைக்கும் மற்ற மூன்று மூலைகளும் பக்கத்து மூலைகளாகவே இருக்க வேண்டும். அந்த உருவம் நான்முகி.

நான்முகி எப்படி இருக்கும் என்று அறிய ஓர் எலுமிச்சம்பழமும் நான்கு பல்குத்தும் குச்சிகளும் போதும். மூன்று குச்சிகளை முக்காலியின் கால்கள்போல் அடியில் விரித்துக் குத்துங்கள். நான்காவதை உச்சியில் நேராக நிறுத்துங்கள். இப்போது பழத்தை எந்தப் பக்கம் உருட்டி வைத்தாலும் மூன்று குச்சிகள் தரையில் ஊன்றி, ஒன்று மேலே நிற்கும். எந்த இரண்டு குச்சிகளுக்கும் இடையே உள்ள விரிவு 109.5 பாகை. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் முதல் எண் இதுதான். நான்கு குச்சி முனைகளிலும் நான்கு வெவ்வேறு நிறக் காகிதம் ஒட்டி, அதன் கண்ணாடி உருவத்தைப் போல் இன்னொன்று செய்து பாருங்கள். இரண்டையும் எப்படித் திருப்பினாலும் பொருத்த முடியாது. பாஸ்டர் கண்ட இடவல வேறுபாட்டுக்குக் காரணம் இதுவே.

வான்ட் ஹாப் தம் கருத்தை விளக்கக் காகித அட்டையில் சிறுசிறு நான்முகிகள் செய்து அறிஞர்களுக்கு அனுப்பினார். 1876ஆம் ஆண்டில் அவருக்கு உட்ரெக்ட் நகரின் கால்நடை மருத்துவப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மறு ஆண்டில் அவர் நூல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, லைப்சிக் நகரின் புகழ்பெற்ற பேராசிரியர் கோல்பே சீறி எழுந்தார். தாம் நடத்திய ஆராய்ச்சி இதழில் வான்ட் ஹாப்பைக் கடுமையாக எள்ளி எழுதினார். கால்நடைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முறையான ஆராய்ச்சி செய்ய விருப்பமில்லை என்றும், அங்கிருந்து இரவல் வாங்கிய பறக்கும் குதிரையில் ஏறிக்கொண்டு அணுக்கள் நிற்கும் இடத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார் என்றும் நையாண்டி செய்தார்.

கோல்பே சாதாரண மனிதரல்லர்; கைதேர்ந்த வேதியியலார். ஆனால் அவர் எதிராளியின் சான்றை விட்டுவிட்டு, அவர் வேலை பார்க்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். 'நீ எங்கிருந்து வந்தவன்?' என்ற கேள்வி நம் பிள்ளைகள் பலருக்கும் பழக்கமானதுதான். வான்ட் ஹாப் சண்டைக்குப் போகவில்லை. கணக்கு அவர் பக்கம் இருந்தது. புதிய சேர்மங்கள் கண்டுபிடிக்கப்படும்தோறும் அவர் சொன்ன எண்ணிக்கையே சரியாக வந்தது. 1901ஆம் ஆண்டில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அதே வான்ட் ஹாப். பரிசு நான்முகிக்காக அன்று; வேதிவினைகளின் வேகம், கரைசல்களின் அழுத்தம் ஆகியவை பற்றிய அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்காக. 1913ஆம் ஆண்டில் பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தை ஆராய்ந்தார்கள். வைரம் முழுவதும் கார்பன். ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் நான்கு கார்பன்கள் நான்முகியின் மூலைகளில் நின்றிருந்தன.

இனி அடுத்த கேள்வி. அணுக்கள் ஏன் அப்படி நிற்கின்றன? இதற்கு விடை காண எலக்ட்ரான் பற்றிய அறிவு வளர வேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ், இரண்டு அணுக்களைப் பிணைப்பது ஒரு ஜோடி எலக்ட்ரான்களே என்று விளக்கினார். 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிட்ஜ்விக்கும் பவலும், ஓர் அணுவைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் ஜோடிகள் உள்ளனவோ அந்த எண்ணிக்கையே மூலக்கூறின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். 1957ஆம் ஆண்டில் லண்டனில் கில்லெஸ்பியும் நைஹோமும் இதைப் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தக்கூடிய எளிய விதிகளாக வகுத்தார்கள். எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று விலக்கும்; ஆகவே எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிற்கும். சாரம் இவ்வளவே.

பால்மரத்துப் பாலில் செய்த பலூன்களைக் கொண்டே இதைப் பார்க்கலாம். இரண்டு பலூன்களை ஊதிக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டினால் அவை ஒரே நேர்கோட்டில் எதிரெதிர்த் திசையில் நிற்கும். அது 180 பாகை. நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் மூலக்கூறு அப்படி நேரானது. மூன்று பலூன்களைக் கட்டினால் ஒரே தளத்தில் முக்கோணமாக விரியும், 120 பாகை. நான்கைக் கட்டினால், நாம் கை வைக்காமலே, அவை நான்முகியாகிவிடும். சதுப்பு நிலத்தில் குமிழியிடும் மீத்தேன் வாயுவில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் அப்படித்தான் நிற்கின்றன, கோணம் 109.5.

பால் உறைந்துவிடாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவின் காரநெடி தோட்டத்தாருக்குத் தெரியும். அமோனியாவில் நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்கள் மட்டுமே உண்டு. ஆனால் எலக்ட்ரான் ஜோடிகள் நான்கு. நான்காவது ஜோடி எந்த அணுவையும் பிடிக்காமல் தனியாக இருக்கிறது. தனி ஜோடி கூடுதல் இடம் பிடித்து மற்றவற்றை நெருக்கும். பேருந்து இருக்கையில் ஒருவர் கால் பரப்பி உட்கார்ந்தால் மற்றவர் ஒடுங்குவது போன்றது இது. ஆகவே கோணம் 107 பாகையாகக் குறைகிறது. தண்ணீரில் அத்தகைய தனி ஜோடிகள் இரண்டு. நெருக்கம் இன்னும் கூடி, கோணம் 104.5 ஆகிறது.

தண்ணீர் மூலக்கூறு இப்படி வளைந்திருப்பது சிறிய செய்தியன்று. வளைந்திருப்பதால் அதன் ஒரு பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், மறுபக்கம் சற்றே நேர்மின் தன்மையும் பெறுகின்றன. அதனால்தான் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீர்மமாக நிற்கின்றன; உப்பையும் சர்க்கரையையும் கரைக்கின்றன. கரியமில வாயுவைப் போல் அது நேராக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் ஈடாகிப்போயிருக்கும். நம் ஆறும் கிணறும் இன்று இருப்பதுபோல் இருந்திரா.

இப்போது நாம் தொடங்கிய புதிருக்குத் திரும்பலாம். ரப்பர் ஏன் நீள்கிறது? கெத்தா பெர்ச்சா ஏன் நீள மறுக்கிறது?

1920ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடிங்கர், ரப்பர் என்பது சிறு மூலக்கூறுகளின் குவியலன்று, ஆயிரக்கணக்கான ஐசோப்ரீன் அலகுகள் கைகோத்த நீண்ட சங்கிலி என்று சொன்னார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று அவரையும் பலர் மறுத்தார்கள். 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரப்பர், கெத்தா பெர்ச்சா இரண்டும் அத்தகைய சங்கிலிகளே. சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் ஓர் இடத்தில் கார்பனும் கார்பனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. இரண்டு பலகைகளை ஒரே ஆணியால் அறைந்தால் ஒன்றைச் சுற்றித் திருப்பலாம். இரண்டு ஆணிகளால் அறைந்தால் திருப்ப முடியாது. இரட்டைப் பிணைப்பும் அப்படித்தான். அந்த இடத்தில் கார்பனுக்குப் பக்கத்து அணுக்கள் மூன்று. ஆகவே மூன்று பலூன்களைப் போல் ஏறத்தாழ 120 பாகையில் தட்டையாக விரிந்து, திரும்ப முடியாமல் நிற்கின்றன.

இதனால் சங்கிலிக்கு இரண்டு வழிகள் உண்டு. இரட்டைப் பிணைப்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதே பக்கமாக வெளியேறலாம். இதை ஒருபக்க அமைப்பு என்போம். அல்லது எதிர்ப்பக்கமாக வெளியேறலாம். இதை எதிர்ப்பக்க அமைப்பு என்போம். வேதியியல் புத்தகங்களில் முதல் வகை சிஸ், இரண்டாம் வகை டிரான்ஸ். பால்மரத்து ரப்பர் முழுவதும் சிஸ். கெத்தா பெர்ச்சா டிரான்ஸ். இதுதான் புதிரின் விடை.

விறகு அடுக்கிப் பழகியவர்களுக்கு மற்றது தானே விளங்கும். நேரான கட்டைகள் இடைவெளி இல்லாமல் அடுங்கும், அடுக்கு அசையாது. கோணல்மாணலான கிளைகளை எப்படி அடுக்கினாலும் இடைவெளி விழும். டிரான்ஸ் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கி அடுங்கிவிடுகிறது. ஆகவே கெத்தா பெர்ச்சா கெட்டியாகிறது. சிஸ் சங்கிலி ஒவ்வோர் அலகிலும் ஒரே பக்கம் மடங்குவதால் எளிதில் அடுங்குவதில்லை. நூற்கண்டு சிக்கியதுபோல் சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் சுருள் பிரிந்து நீள்கிறது. விட்டால் அணுக்களின் ஓயாத அசைவினால் மீண்டும் சுருண்டுவிடுகிறது. 1925ஆம் ஆண்டில் காட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எக்ஸ் கதிரால் பார்த்தபோது, சும்மா இருந்த ரப்பரில் ஒழுங்கு தெரியவில்லை; இழுத்துப் பிடித்த ரப்பரில் படிகத்தைப் போன்ற ஒழுங்கு தெரிந்தது. ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். சிறு வயதிலேயே பார்வை இழந்த ஜான் காப் என்ற இங்கிலாந்து அறிஞர் இதைத் தம் உதட்டாலேயே கண்டறிந்து 1805ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இந்த வடிவத்தின் விலை எவ்வளவு என்பதை உலகம் போர்க்காலத்தில் அறிந்தது. ஐசோப்ரீனிலிருந்து ரப்பர் செய்யும் முயற்சி 1879ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு பூஷார்டா காலத்திலேயே தொடங்கிவிட்டது. சரக்கு சரியாகத்தான் இருந்தது; ஆனால் சங்கிலியில் சிஸ், டிரான்ஸ், வேறு அமைப்புகள் எல்லாம் கலந்து வந்தன. மரத்துப் பாலின் தரம் வரவில்லை. 1942ஆம் ஆண்டில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனபோது அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. அவர்கள் வேறு சரக்குகளிலிருந்து செயற்கை ரப்பர் செய்து சமாளித்தார்கள். ஆனால் மரத்துச் சங்கிலியின் வடிவத்தைப் பெரும்பாலும் ஒத்த ரப்பரை 1950களின் நடுவில்தான் ஆய்வுக்கூடத்தில் செய்ய முடிந்தது. அதற்கு வழிகாட்டிய வினையூக்கிகளுக்காக சீக்ளரும் நாட்டாவும் 1963ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றும் விமானச் சக்கரங்களுக்கு மரத்து ரப்பர் பெருமளவில் தேவைப்படுகிறது.

அத்தனை விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுச் செய்ததைப் பால்மரம் தன் பட்டைக்குள் நாள்தோறும் பிசகில்லாமல் செய்கிறது. கெத்தா பெர்ச்சா மரம் அதே பிசகில்லாமையோடு டிரான்ஸ் சங்கிலியைச் செய்கிறது. நாம் தின்னும் சிக்குப் பழத்தின் மரம் இரண்டையும் கலந்து தருகிறது. மெல்லும் மிட்டாய்க்கு ஒரு காலத்தில் பயன்பட்ட பசை அதன் பால்தான். கெத்தா பெர்ச்சாவும் மறைந்துவிடவில்லை. பல் மருத்துவர் வேர்க்குழியை அடைக்கும்போது இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் லயத்தை விட்டுப் பட்டணம் வந்துவிட்டோம். ஆயினும் விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக மரங்களுக்குக் கத்தி வைத்த நம் பாட்டன் பாட்டிமார் சேகரித்தது வெறும் பால் அன்று. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நூறாண்டுகளாக அலசப்பட்ட ஒரு வடிவத்தை அவர்கள் வாளி வாளியாகச் சுமந்தார்கள். அதன் விளக்கம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அது இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை பிள்ளை 109.5 என்று ஒப்பிக்கும்போது ஓர் எலுமிச்சம்பழத்தையும் நான்கு குச்சிகளையும் எடுத்துக் கொடுங்கள். செய்து முடித்ததும், வெட்டுக்கோட்டை ஏன் இடமிருந்து வலமாக இறக்குகிறோம் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அது பிள்ளையின் புத்தகத்தில் இருக்காது.